ஹொட் டப் வாங்குமுன் பெனலைத் திறந்து பாருங்கள்

ஹொட் டப் பார்க்கக் கடைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை ஜெட், லைட் நிறம் மாறுமா என்றுதான் கேட்கிறார்கள். விற்பவரும் அதைத்தான் பேசுவார். வீட்டுக்கு எத்தனை அம்பியர் மின்சாரம் வருகிறது என்ற கேள்வி, காசு கட்டி முடிந்து, மின்வேலை செய்ய வந்தவர் பேஸ்மென்டில் இறங்கி மின் பெனலின் மூடியைத் திறக்கும்போதுதான் எழும். ஒன்ராறியோவில் பின்வளவில் தொட்டி வைக்க நினைப்பவர்கள் பெனலில் தொடங்கிக் கடையில் முடிக்க வேண்டும் என்பதே என் கட்சி.

முதலில் வகைகள். காற்றடிக்கும் தொட்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விலை குறைவு, சாதாரண 120 வோல்ட் பிளக்கில் ஓடும். ஆனால் குளிர் 4 பாகைக்குக் கீழே போனால் பாவிக்க வேண்டாம் என்று பெரும்பாலான தயாரிப்பாளர்களே கையேட்டில் எழுதிவிடுகிறார்கள். பனி கொட்டும்போது கழுத்தளவு சுடுதண்ணீரில் இருக்கத்தானே இந்த ஆசையே வருகிறது! நவம்பரில் மடித்துக் கட்டி வைக்க வேண்டியது வாடகைக்கு இருப்பவருக்கும் கோடைக்கும் போதும். விறகு எரித்துச் சுடவைக்கும் சீடர் மரத் தொட்டி கொட்டேஜுக்கு அழகு; வீடுகள் நெருங்கி நிற்கும் வீதியில் புகைக்கு அயலவர் சும்மா இருக்க மாட்டார்.

உண்மையான போட்டி, பிளக்கில் குத்தி ஓடும் 120 வோல்ட் தொட்டிக்கும் பெனலிலிருந்து தனி வயர் இழுக்கும் 240 வோல்ட் தொட்டிக்கும் இடையில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,500 லீற்றர் தண்ணீரைக் குழாயிலிருந்து வரும் 10 பாகையிலிருந்து 39 பாகைக்கு ஏற்ற ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரம் வேண்டும். 120 வோல்ட் தொட்டியின் ஹீட்டர் பொதுவாக 1 கிலோவாட். அப்படியென்றால், சூடு கொஞ்சமும் வெளியே போகாவிட்டாலும் 50 மணி நேரம். இரண்டு நாளுக்கு மேல். 240 வோல்ட்டில் 5.5 கிலோவாட் ஹீட்டர் அதே வேலையை 9 மணி சொச்சத்தில் முடிக்கும். இது முதல் நாள் சங்கதி மட்டுமல்ல. 15 அம்பியருக்குள் ஹீட்டரும் பெரிய பம்பும் சேர்ந்து ஓட இடமில்லாததால், பல 120 வோல்ட் தொட்டிகளில் ஜெட்டை முழு வேகத்தில் போட்டவுடன் ஹீட்டர் நின்றுவிடும். ஜனவரி இரவில் மூடியைத் திறந்து நான்கு பேர் இறங்கினால் தண்ணீர் ஆறிக்கொண்டே போகும். பெரியவர்கள் இருந்து எழும்பிய பிறகு பிள்ளைகள் இறங்கலாம் என்ற திட்டமெல்லாம் நடக்காது.

"120 என்றால் கரண்ட் பில் குறைவு" என்று சொல்வார்கள். தொட்டி இழக்கும் சூட்டைத்தான் ஹீட்டர் திருப்பிக் கொடுக்கிறது; அந்த இழப்பு வோல்ட்டைப் பார்ப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது சுவருக்குள் இருக்கும் நுரையும் மேலே இருக்கும் மூடியும். உண்மையில் பில் விஷயத்தில் 240தான் கெட்டிக்காரன். ஒன்ராறியோவில் 2023 மே முதல் இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணிவரை மிகக் குறைந்த கட்டணம் கிடைக்கும் திட்டம் இருக்கிறது. அதற்கு ஈடாக வேலை நாட்களில் மாலை 4 முதல் 9 வரை கட்டணம் ஏறும். பெரிய ஹீட்டரை இரவில் மட்டும் ஓடும்படி நேரம் வைத்துவிடலாம். 1 கிலோவாட் ஹீட்டர் கடுங்குளிரில் இரவு பகலாக ஓடினால்தான் ஈடுகொடுக்கும், அந்த விலைகூடிய மாலை உட்பட.

இப்போது பேஸ்மென்டுக்கு இறங்குவோம். பெனலில் மெயின் பிரேக்கரின் கைப்பிடியில் ஒரு எண் இருக்கும்: பொதுவாக 100 அல்லது 200. ஸ்காபரோவின் பழைய பங்களாக்களில் பெரும்பாலும் 100. அதே வீட்டில் மேலே ஒரு மின்னடுப்பு, பேஸ்மென்டை வாடகைக்கு விட்டதால் கீழே இன்னொன்று, இரண்டு ட்ரையர், ஏ.சி.; மகன் மின்கார் வாங்கியிருந்தால் சார்ஜர் வேறு. இதற்குமேல் 50 அம்பியர் தொட்டி. பெனலில் இரண்டு இடம் காலியாக இருப்பதால் கொள்ளளவு மிச்சம் இருப்பதாக அர்த்தமில்லை. மின்விதிகளின்படி வீட்டின் முழுப் பாரத்தையும் கூட்டிக் கணக்குப் பார்க்க வேண்டும். கணக்கு மிஞ்சினால் 200 அம்பியருக்கு உயர்த்த வேண்டும். அதற்கு மின்நிறுவனமும் வந்தாக வேண்டும், பல ஆயிரம் டொலர் செலவும் வரலாம். தொட்டியின் விலைச்சீட்டில் இது ஒருநாளும் இருக்காது.

உயர்த்த விருப்பமில்லாதவர்களுக்கு 120 வோல்ட்தான் நேர்மையான தெரிவு. அதிலும் பின்னாளில் 240க்கு மாற்றக்கூடிய மொடலைப் பாருங்கள். ஒரு நிபந்தனை: அந்த பிளக்குக்குத் தனி சர்க்கிட் வேண்டும். கராஜில் இறைச்சியும் மீனும் நிரம்பிய ஃப்ரீசர் இருக்கும் அதே சர்க்கிட்டில் தொட்டியைக் குத்தினால் பிரேக்கர் விழும். ஆள் இல்லாத நாளில் விழுந்தால் மீன் நாறும். எக்ஸ்டென்ஷன் வயர் அறவே கூடாது.

240 வோல்ட் வேலை இப்படி நடக்கும். 50 அம்பியருக்குப் பெரும்பாலும் 6 கேஜ் செம்பு வயர். இரண்டு கரண்ட் வயர், ஒரு நியூட்ரல், ஒரு எர்த் என நான்கு. நடுவில் ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கர். போகிற மின்சாரத்துக்கும் திரும்புகிற மின்சாரத்துக்கும் 5 மில்லி அம்பியர் அளவில் வித்தியாசம் வந்தாலே, அதாவது எங்கோ, ஒருவேளை ஒரு உடம்பு வழியாக, கசிகிறது என்றாலே, கண்ணிமைக்கும் நேரத்தில் அது வெட்டிவிடும். ஈர உடம்போடு தண்ணீரில் இருப்பவரைக் காப்பது இதுதான். விழுந்துகொண்டே இருக்கிறது என்று இதை எடுத்துவிட்டுச் சாதாரண பிரேக்கர் போடச் சொல்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். புதிதாகப் போட்டவுடன் விழுந்தால், தொட்டியின் நியூட்ரல் இந்தப் பிரேக்கரில் சேராமல் வேறிடத்தில் சேர்ந்திருப்பது அடிக்கடி காணும் காரணம். வெளியே, தொட்டியிலிருந்து பார்த்தால் தெரியும், ஆனால் தண்ணீரில் இருந்தபடி கை எட்டாத இடத்தில் நிறுத்தும் சுவிட்ச் வர வேண்டும். மேலே மின்கம்பி போகும் இடத்தின் கீழ் தொட்டியை வைக்கக் கூடாது. வயரை மண்ணுக்குள் புதைப்பதென்றால், மண்வெட்டி எடுக்குமுன் ஒன்ராறியோ ஒன் கோல் சேவையை அழையுங்கள். காஸ் குழாயும் கேபிளும் எங்கே போகின்றன என்று இலவசமாகக் குறித்துத் தருவார்கள்.

யார் செய்வது? எங்கள் ஆட்களிடையே "தெரிந்த அண்ணை ஒருவர் இருக்கிறார், காசாகக் கொடுத்தால் பாதி விலை" என்ற பேச்சு உடனே வரும். ஒன்ராறியோவில் காசுக்கு வீட்டு மின்வேலை செய்ய ஒப்பந்தக்காரர் உரிமம் வேண்டும். அண்ணை பகலில் ஒரு நிறுவனத்தில் சான்றிதழ் பெற்ற மின்வேலைக்காரராகவே இருக்கலாம். அந்தச் சான்றிதழ் மட்டும் போதாது. உரிம எண் அவருடைய வானிலும் விலைச்சீட்டிலும் இருக்க வேண்டும். மின்சாரப் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். வேலையைப் பற்றி ஆணையத்துக்கு அறிவிப்பதும் அவர் பொறுப்பு. வீட்டுச் சொந்தக்காரர் தன் வீட்டில் தானே செய்யச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் அவரும் அறிவிக்க வேண்டும். எர்த் என்றால் என்ன என்று யோசிக்க வேண்டியிருந்தால் செய்யாதீர்கள்.

பழைய தொட்டியை இணையத்தில் மலிவாகப் பார்த்தால், ஜெட்டை எண்ணுமுன் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். சி.எஸ்.ஏ. போன்று கனடாவில் ஏற்கப்படும் அங்கீகாரக் குறி இல்லாத தொட்டியை ஆணையம் ஏற்காது. மூடியையும் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊறிப் பாரமாகிவிட்ட மூடி சூட்டைப் பிடிக்காது. நுரை நிரம்பிய நல்ல தொட்டியின் அருமை மின்தடையில் தெரியும். 2013 டிசம்பர் பனிக்கட்டிப் புயலில் ரொறன்ரோவில் இலட்சக்கணக்கான வீடுகள் இருண்டன, சில வீடுகளுக்குப் பல நாட்கள். அப்படியான நேரத்தில் மெல்லிய தொட்டியின் குழாய்களே முதலில் உறையும்.

நிரம்பிய தொட்டி ஆட்களோடு 2 தொன்னைத் தாண்டும். சீமெந்துத் தளம் போடுங்கள், பழைய மரத் தளத்தை நம்பாதீர்கள். பக்கவாட்டுப் படலை வழியாகத் தொட்டி நுழையுமா, காஸ் மீற்றர் இடிக்குமா என்று நாடா பிடித்து அளந்து பாருங்கள். வேலி விதிகள் ஊருக்கு ஊர் வேறு. பூட்டுள்ள மூடி எங்கும் நல்லது. தண்ணீர் 40 பாகையைத் தாண்டக் கூடாது. சீனி வருத்தமோ பிரஷரோ உள்ள அப்பா அம்மா இறங்குமுன் டொக்டரைக் கேட்கட்டும், கர்ப்பிணிகளும் அப்படியே.

என் தீர்ப்பு: 200 அம்பியர் வீடும் பனிக்கால ஆசையும் இருந்தால் 240 வோல்ட், நுரை நிரம்பியது, ஜெட் குறைவானாலும் பரவாயில்லை. 100 அம்பியர் வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால், பின்னர் மாற்றக்கூடிய 120 வோல்ட். எதை வாங்கினாலும் தொட்டியில் தண்ணீர் நிரம்பாமல் சுவிட்சைப் போடாதீர்கள். வெறுமையில் எரிந்த ஹீட்டருக்கு உத்தரவாதம் கிடையாது.