கிறீஸ் பூதமும் ‘ஆம்’ என்னும் இடைச்சொல்லும்

தமிழில் ‘ஆம்’ என்று ஒரு சின்ன இடைச்சொல் உண்டு. வினைமுற்றின் கடைசியில் ஒட்டிக்கொண்டு, ‘இதை நான் காணவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன்’ என்ற பொருளைத் தந்துவிடும். ‘மழை பெய்தது’ என்பவர் மழையைக் கண்டவர். ‘மழை பெய்ததாம்’ என்பவர் கேள்விப்பட்டவர். உயர்தர வகுப்பில் இதைக் கற்பிக்கும்போது நான் எடுத்துக்காட்டாகக் கொள்வது 2011ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தைத்தான். மாணவியராகிய உங்களுக்கு அது கேள்விக் கதை. உங்கள் பெற்றோருக்கு நன்றாக நினைவிருக்கும்.

போர் முடிந்து இரண்டு ஆண்டு கடந்திருந்த காலம். அவசரகாலச் சட்டம் இன்னும் நீக்கப்படவில்லை. கஹவத்தைப் பக்கத்தில் முதிய பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்ட செய்தி நாடெங்கும் பரவியிருந்தது. அந்த வேளையில்தான் ‘கிறீஸ் யகா’ என்ற பழைய சிங்களச் சொல் மீண்டும் புறப்பட்டது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு, பிடித்தால் வழுக்கித் தப்பும் திருடனைத்தான் முன்பு அப்படிச் சொல்வார்கள். தமிழுக்கு வந்தபோது அவன் ‘கிறீஸ் பூதம்’ ஆனான். பத்திரிகைகளில் ‘மர்ம மனிதன்’ ஆனான். திருடனுக்கு வேண்டியது நகை. பூதத்துக்கு என்ன வேண்டும் என்று எவருக்கும் தெரியாது. பெயர் மாறியதுமே பயத்தின் அளவும் மாறிவிட்டது.

அந்த ஒரு மாதத்தில் நடந்தவை சிறியவை அல்ல. அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இரண்டு பேரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. கிண்ணியாவில் மக்களும் கடற்படையும் மோதினர். புத்தளத்தில் பொலிஸ் கொன்ஸ்டபிள் ஒருவர் கூட்டத்தின் கையில் உயிரிழந்தார். அது நோன்பு மாதம். இரவுத் தொழுகைக்குப் போகப் பெண்கள் அஞ்சினார்கள். யாழ்ப்பாணத்தில் நாவாந்துறை மக்கள் ஓகஸ்ட் 22ஆம் திகதி இரவு மர்ம மனிதர்களைத் துரத்திச் சென்றார்கள். அவர்கள் இராணுவ முகாமுக்குள் ஓடி மறைந்ததைக் கண்டோம் என்றார்கள். அன்றிரவே இராணுவம் ஊருக்குள் புகுந்தது. நூறு பேருக்கு மேல் கைதானார்கள், பலர் காயங்களோடு. அரசு தரப்பு எல்லாவற்றையும் வதந்தி என்றது. நாவாந்துறையார் உயர் நீதிமன்றம் வரை போனார்கள்.

எனவே, ‘எல்லாம் வெறும் பிரமை’ என்று சொல்ல நான் வரவில்லை. பயத்துக்குக் காரணம் இருந்தது. காரணமுள்ள பயத்துக்குள் ஒரு பகிடி போய் விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் நம்முடைய பாடம்.

நான் அச்சுவேலியில் பிறந்து வளர்ந்தவள். பலாலி உயர்பாதுகாப்பு வலயம் தூரமில்லை. இருட்டினால் படலையைப் பூட்டிவிட்டு உள்ளே இருப்பது எங்கள் ஊருக்குப் பல வருடப் பழக்கம். அந்த ஓகஸ்டில் எங்கள் ஒழுங்கையில் ஐந்து வீட்டுப் பெண்கள் ஒரே வீட்டு விறாந்தையில் படுத்தோம். ஆண்கள் பொல்லும் டோர்ச்சுமாகச் சந்தியில் நின்றார்கள். ஒருநாள் இரவு தகரக் கூரையில் கல் விழுந்தது. எறிந்தவர்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுப் பொடியன்கள் இருவர். பழைய ஒயிலை முகத்தில் பூசிக்கொண்டு மாமரத்தில் ஏறி இருந்தார்களாம். (இந்த ‘ஆம்’ வேண்டியது, மரத்தில் இருந்ததை நான் காணவில்லை. பல வாரம் கழித்து அவர்களே சிரித்துக்கொண்டு சொன்னது.)

இனி அந்த வாக்கியத்தின் பயணத்தைப் பாருங்கள். இரவில்: “கூரையிலை கல்லு விழுந்தது.” இது உண்மை, நாங்கள் கேட்டோம். காலையில் கிணற்றடியில்: “ஆரோ கல்லெறிஞ்சவனாம்.” மத்தியானம் சந்தையில்: “கறுப்பாய் ஒருத்தன் மதிலாலை பாய்ஞ்சவனாம்.” பின்னேரம் அடுத்த ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் எங்களுக்கே செய்தி கொண்டுவந்தார்: “உங்கடை பக்கம் ஒரு பெட்டையின்ரை கையைக் கீறிப்போட்டு ஓடிட்டான்.” ‘ஆம்’ எங்கே? வழியில் உதிர்ந்துவிட்டது. கேள்விப்பட்டது கண்டதாகிவிட்டது.

மறுநாள் மாலை, பழைய இரும்பு வாங்க சைக்கிளில் வந்த ஒருவரைச் சந்தியில் மறித்தார்கள். இடம்பெயர்ந்திருந்து மீண்டும் யாழ்ப்பாணம் வந்து தொழில் தொடங்கிய முஸ்லிம் வியாபாரி. சாக்குக்குள் என்ன என்று கேட்டார்கள். உள்ளே ஒரு கிறீஸ் டின் கிடந்தது. பழைய இரும்புச் சாக்குக்குள் வேறு என்ன கிடக்கும்! முதல் அடி விழுந்துவிட்டது. வெங்காயம் விற்றுவிட்டு வந்த ஒரு ஆச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், “விடுங்கோடா, எனக்கு மாதாமாதம் போத்தல் எடுக்கிற தம்பி இது” என்று அவரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதால் அவர் உயிரோடு போனார். அந்தப் பொடியன்கள் இருவரும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றார்கள். வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் பொல்லு தங்கள் பக்கம் திரும்பும் என்று பயந்திருப்பார்கள். வியாபாரி அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை.

இதை நான் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து ஒரு ஹதீஸைச் சொன்னாள். பயணத்தில் தூங்கிப்போன ஒருவரின் கயிற்றைத் தோழர் ஒருவர் எடுக்க, அவர் பதறி எழுந்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிட வைப்பது ஆகாது என நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள். கயிறு ஒன்றும் பெரிய பொருள் அல்ல. பயணத்தில், இருட்டில், தூக்கத்தில் இருப்பவனுக்கு அது வேறு என்று அவள் விளக்கினாள். நான் இவ்வளவு நன்றாக விளக்கியிருக்க மாட்டேன்.

‘படிக்காத சனம், அதனால்தான் பூதத்தை நம்பியது’ என்று சிலர் சொல்வதுண்டு. அவர்களுக்கு இங்கிலாந்தின் ஹலிபக்ஸ் நகரத்தைக் காட்டலாம். 1938 நவம்பரில் அங்கே ஆலையில் வேலை செய்த இரண்டு இளம்பெண்கள் தங்களை ஒருவன் இருட்டில் தாக்கினான் என்றார்கள். பிறகு ஒவ்வொரு நாளும் சவர அலகால் கீறுண்டதாக முறைப்பாடுகள் வந்தன. ஆண்கள் தடியோடு தெருவில் இறங்கினார்கள். வழியில் போன அப்பாவிகள் அடிபட்டார்கள். ஸ்கொட்லண்ட் யார்ட் துப்பறிவாளர்கள் வந்து விசாரித்தபோது, முறையிட்டவர்களில் பலர் தாங்களே கீறிக்கொண்டதை ஒப்புக்கொண்டார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் போர் வரப்போகிறது என்று அந்நாட்டு மக்களுக்கு நச்சுவாயு முகமூடி கொடுத்திருந்தார்கள். எழுத்தறிவும் பத்திரிகையும் நிறைந்த ஊர்தான். அங்கும் இருந்தது நம்முடைய விறாந்தைப் பயந்தான்.

இப்போது கிணற்றடியும் சந்தையும் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டன. அங்கே பகிரப்படும் செய்திகளில் ‘ஆம்’ மிகக் குறைவு. ‘உடனே பகிரவும்’ மிக அதிகம். மாணவியருக்கு ஒரு பயிற்சி, பெற்றோரும் சேர்ந்து செய்யலாம். இந்த வாரம் வீட்டுக்கு வந்த, பயமூட்டும் ஒரு செய்தியைக் கொப்பியில் எழுதுங்கள். அதில் உள்ள வினைமுற்றுகளுக்குக் கீழே கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ‘இதைக் கண்டவர் யார்?’ என்று கேளுங்கள். விடை இல்லாத இடமெல்லாம் ‘ஆம்’ சேர்த்து, முழுவதையும் வீட்டில் உரக்க வாசித்துக் காட்டுங்கள்.