மெயிலில் ஆதார் அனுப்புறீங்களா? பூட்டிட்டு அனுப்புங்க!

வேலைக்கோ வாடகை வீட்டுக்கோ "ஆதாரை மெயில் பண்ணுங்க" என்று கேட்டதும், போனில் இருக்கும் பிடிஎஃப்பை அப்படியே இணைத்து அனுப்பிவிடுகிறோம். அந்த மெயில் உங்கள் சென்ட் பெட்டியிலும் அவர்களுடைய இன்பாக்ஸிலும் வருஷக்கணக்கில் கிடக்கும். இரண்டில் ஒரு கணக்கு திருடர் கையில் சிக்கினாலும் உங்கள் விவரமெல்லாம் போச்சு.

"இ-ஆதாருக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கே?" என்று கேட்கலாம். இருக்கு. பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகள், எல்லாம் பெரிய எழுத்தில். கூடவே பிறந்த ஆண்டு. 1990-ல் பிறந்த கவிதா என்றால் கே, ஏ, வி, ஐ, 1990. வங்கிகள் மெயிலில் அனுப்பும் கணக்கு அறிக்கைகளும் பல நேரம் இதே பாணிதான். காரணம், அவற்றை அனுப்புவது ஆள் இல்லை, கணினி நிரல். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு பாஸ்வேர்டு சொல்ல அதற்கு வழியில்லை. அதனால் இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த பெயர், பிறந்த தேதியை வைத்தே பூட்டுகிறது. உங்கள் பெயரும் வயதும் தெரிந்தவருக்கு அது பூட்டே இல்லை. இரண்டு மூன்று தடவை முயன்றால் திறந்துவிடும்.

உங்களால் போன் பண்ண முடியுமே! அதனால் உங்கள் பூட்டை நீங்களே போடுங்க.

ஆண்ட்ராய்டு போனில் இசட்ஆர்க்கைவர் போன்ற ஒரு செயலி போதும். ஆதார், பான், சான்றிதழ் எல்லாவற்றையும் தேர்வு செய்து, பாஸ்வேர்டு கொடுத்து ஒரே ஜிப் கோப்பாகச் சுருக்குங்க. குறியாக்க முறை கேட்டால் ஏஇஎஸ்-256 என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பழைய ஜிப் முறையின் பூட்டு பலவீனமானது. ஒன்று கவனியுங்க: ஜிப்பைப் பூட்டினாலும் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்கள் வெளியே தெரியும். ஆதார் எண்ணையே கோப்புக்குப் பெயராக வைத்திருந்தால் பூட்டியும் பயனில்லை. மெயிலின் தலைப்பு வரியும் அப்படித்தான், அது பூட்டுக்கு வெளியே.

"பிடிஎஃப்பை இலவசமாகப் பூட்டித் தருகிறோம்" என்னும் முகம் தெரியாத இணையதளங்கள் பக்கம் போகாதீங்க. பூட்டாத ஆவணத்தை முதலில் அவர்களிடம்தானே கொடுக்கிறீங்க!

பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். தொடர்பில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்தால் நினைவிலும் நிற்கும். அதை அதே மெயிலில் எழாதீங்க, அடுத்த மெயிலிலும் வேண்டாம். போனில் சொல்லுங்க. அதுவும் அவர்களுடைய எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டு. அனுப்பும் முன் ஒருமுறை நீங்களே திறந்து பாருங்க. தட்டச்சில் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்திருந்தாலும் கோப்பு திறக்காது. அந்தப் பக்கம் கணினியில் திறக்கவில்லை என்றால், செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருளைச் சொல்லுங்க.

ஆதார் எண் முழுசாகத் தேவையா என்றும் கேட்டுப் பாருங்க. தேவையில்லை என்றால், மைஆதார் தளத்தில் பதிவிறக்கும்போதே 'மாஸ்க்டு ஆதார்' என்பதைத் தேர்வு செய்யலாம். முதல் 8 இலக்கங்கள் மறைந்து, கடைசி 4 மட்டும் தெரியும்.