அரசர் தந்த பட்டயம்

நிலம் யாருக்குச் சொந்தம்? அதில் வாழ்கிறவருக்கா? பத்திரம் வைத்திருப்பவருக்கா? அமெரிக்காவில் நடந்த ஒரு வரலாற்றைப் படிப்போம். இது கற்பனை அல்ல. உண்மையில் நடந்தது.

கடனுக்கு ஈடாக நிலம்

இங்கிலாந்தை அப்போது ஆண்டவர் இரண்டாம் சார்லஸ். அவர் ஒரு கடற்படைத் தளபதிக்குக் கடன் பட்டிருந்தார். கடன் 16,000 பவுண்டு. தளபதி இறந்துவிட்டார். அவருடைய மகன் பெயர் வில்லியம் பென். "பணம் வேண்டாம், அமெரிக்காவில் நிலம் தாருங்கள்" என்று அவர் கேட்டார்.

அரசர் சம்மதித்தார். 1681 மார்ச் 4 அன்று ஒரு பட்டயம் வழங்கினார். ஏறக்குறைய 45,000 சதுர மைல் நிலம் பென்னுக்குக் கிடைத்தது. அதற்குப் பென்சில்வேனியா என்று பெயர் வைத்தார்கள். பென்னின் காடு என்று அதற்குப் பொருள்.

நிலம் மட்டும் கிடைக்கவில்லை. அதிகாரமும் சேர்ந்தே கிடைத்தது. பென் நிலத்தை விற்கலாம். குடியேறியவர்களின் சம்மதத்தோடு சட்டம் போடலாம். நீதிபதிகளை நியமிக்கலாம்.

இதற்கு அரசருக்கு என்ன கொடுக்க வேண்டும்? ஆண்டுக்கு இரண்டு பீவர் தோல்கள். பூமியில் தங்கமோ வெள்ளியோ கிடைத்தால், அதில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான்.

அங்கே யார் இருந்தார்கள்?

அந்த நிலம் வெறும் காடாகக் கிடக்கவில்லை. டெலவேர் ஆற்றின் கரைகளில் லெனாப்பே என்னும் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்தார்கள். மக்காச்சோளம் விதைத்தார்கள். மீன் பிடித்தார்கள். வேட்டையாடினார்கள்.

அவர்களை யாரும் கேட்கவில்லை. அரசர் அந்த மண்ணை மிதித்ததே இல்லை.

பென் 1682-ல் அங்கு போனார். பட்டயம் கையில் இருந்தும், லெனாப்பே மக்களுடன் பேசினார். துணி, பாத்திரம் போன்ற பொருள்களை விலையாகக் கொடுத்து நிலம் வாங்கினார். அதனால் அவர் காலத்தில் பெரிய சண்டை வரவில்லை. 1718-ல் அவர் இறந்தார்.

ஒன்றரை நாள் நடை

பென்னின் மகன்கள் பட்டயத்துக்கு வாரிசானார்கள். அவர்களுக்குக் கடன் இருந்தது. நிலத்தை விற்றால் பணம் வரும்.

அவர்கள் ஒரு பழைய காகிதத்தைக் காட்டினார்கள். "1686-ல் உங்கள் முன்னோர்கள் எழுதிக் கொடுத்தது" என்றார்கள். ஒரு மனிதன் ஒன்றரை நாளில் எவ்வளவு தூரம் நடப்பானோ, அவ்வளவு நிலம் தங்களுக்கு என்றார்கள். சரியில்லாத ஒரு வரைபடத்தையும் காட்டினார்கள். லெனாப்பே தலைவர்களுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. 1737-ல் நான்கு தலைவர்கள் தங்கள் குறியை இட்டார்கள்.

சாதாரணமாக நடப்பார்கள் என்று தலைவர்கள் நம்பினார்கள். நடந்தது வேறு. வேகமாகப் போகக்கூடிய மூன்று பேரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். முன்பே காட்டில் வழி வெட்டி வைத்தார்கள். இரண்டு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். ஒருவர் மட்டும் கடைசி வரை போனார். அவர் போன தூரம் 60 மைலுக்கு மேல்! லெனாப்பே மக்கள் இழந்த நிலம் ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர்.

"இது நடை இல்லை, ஓட்டம்" என்று அவர்கள் முறையிட்டார்கள். பலன் இல்லை. மேற்கு நோக்கி இடம் பெயர்ந்தார்கள்.

1779-ல் பென்சில்வேனியாவின் சட்டசபை, பென் குடும்பத்திடம் இருந்த பெரும்பாலான நிலத்தை எடுத்துக்கொண்டது. பென் குடும்பத்துக்கு 1,30,000 பவுண்டு ஈட்டுத்தொகை கிடைத்தது. லெனாப்பே மக்களுக்கு நிலம் திரும்பவில்லை. அவர்களின் வழிவந்தவர்கள் 2004-ல் வழக்குப் போட்டார்கள். 2006-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள்.

இந்தியாவிலும்

இதே இரண்டாம் சார்லஸ், போர்ச்சுகல் இளவரசியை மணந்தபோது பம்பாய் அவருக்குச் சீதனமாக வந்தது. 1668-ல் அதை அவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். வாடகை ஆண்டுக்கு 10 பவுண்டு. அங்கு வாழ்ந்த மீனவர்களையும் விவசாயிகளையும் அப்போதும் யாரும் கேட்கவில்லை.

தெரிந்துகொள்வோம்

காகிதம் ஒருவருக்கு நிலம் தரும். இன்னொருவரிடமிருந்து பறிக்கவும் செய்யும். ஆகவே பத்திரத்தில் கையெழுத்து போடும் முன்:
1. முழுவதும் படியுங்கள். புரியாத இடத்தைக் கேளுங்கள்.
2. எழுதிக் கொடுப்பவருக்கு அந்த நிலம் சொந்தமா என்று பாருங்கள்.
3. சர்வே எண், பரப்பளவு, நான்கு எல்லைகள் சரியா என்று பாருங்கள்.
4. எழுதாத காகிதத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

சொல்லும் பொருளும்
பட்டயம் – அரசர் உரிமை வழங்கும் ஆவணம்
ஈட்டுத்தொகை – இழப்புக்குத் தரும் பணம்

பேசுவோம்
1. பட்டயம் கையில் இருந்தும் வில்லியம் பென் ஏன் நிலத்துக்கு விலை கொடுத்தார்?
2. லெனாப்பே தலைவர்கள் அந்தக் காகிதத்தைப் படிக்க முடிந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்?
3. உங்கள் வீட்டில் உள்ள பத்திரத்தில் எல்லைகள் எப்படி எழுதப்பட்டுள்ளன? படித்துப் பாருங்கள்.