நண்பரின் எண்கள் உங்கள் ஹெலிகாப்டருக்குப் பொருந்தாது

கேள்வி: பொம்மை ஹெலிகாப்டர்களில் பழகிவிட்டு, இப்போது 450 அளவு கலெக்டிவ் பிட்ச் ஹெலிகாப்டர் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். 3 செல் லிப்போ, ஃப்ளைபார்லெஸ். நண்பர் தன் ரேடியோவில் உள்ள எண்களை அப்படியே கொடுத்தார். நார்மல் மோடில் த்ராட்டில் 0-40-60-80-100. ஐடில் அப்பில் 100-90-85-90-100. பிட்ச் இரண்டிலும் 0-25-50-75-100. ஸ்டிக் முக்கால் பங்கு ஏறும்வரை தரையை விட்டு எழ மாட்டேன் என்கிறது. எழுந்தபின் கொஞ்சம் இறக்கினாலே தொப்பென்று விழுகிறது, வாலும் ஆடுகிறது. மிதக்கும்போது ஐடில் அப் சுவிட்சைப் போட்டால் துள்ளி மேலே போகிறது. சரியான எண்களைச் சொல்ல முடியுமா?

பதில்: எண்களைச் சொல்கிறேன். ஆனால் அவற்றை ரேடியோவில் ஏற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பிட்ச் கர்வில் இருப்பது சதவீதம். பிளேடு அறிவதோ டிகிரி மட்டும்தான். உங்கள் நண்பரின் 75 எத்தனை டிகிரி என்பது அவருடைய சர்வோ கை, லிங்க் நீளம், ஸ்வாஷ் மிக்ஸ் எல்லாவற்றையும் பொறுத்தது. உங்களுடையது பழைய வண்டி வேறு. முன்னால் வைத்திருந்தவர் என்னென்ன திருகினாரோ!

முதலில் மோட்டாரின் மூன்று வயர்களில் இரண்டைக் கழற்றிவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். 450 அளவு ரோட்டாரின் விட்டம் சுமார் 70 செ.மீ.; நிமிடத்துக்கு 2500 சுற்றில் பிளேடின் நுனி மணிக்கு 330 கி.மீ. வேகத்தில் போகும். மேசையில் வைத்து அமைக்கும்போது அது சுழலவே கூடாது.

பிட்ச் கர்வை நேர்கோடாகவே விட்டு, ஸ்டிக்கை நடுவில் வையுங்கள். சர்வோ கைகள் செங்கோணத்தில் நிற்க வேண்டும், ஸ்வாஷ் பிளேட் சமமாக இருக்க வேண்டும், பிட்ச் கேஜில் 0 டிகிரி காட்ட வேண்டும். இல்லையென்றால் லிங்க்கைச் சுற்றிச் சரிசெய்யுங்கள். பிறகு இரு முனைகளிலும் +11, −11 வருகிறதா பாருங்கள். அளவு கூடவோ குறையவோ இருந்தால் ஃப்ளைபார்லெஸ் யூனிட்டிலேயே மாற்றுங்கள். பொறியமைப்பில் இருக்கும் கோணலைக் கர்வை வளைத்து மறைக்கப் பார்ப்பவர்கள் நிறைய. நடுவில் ஒருவழியாக ஒத்துப்போகும். ஓரங்களில் மீண்டும் தலைகாட்டும்.

இனி உங்கள் சிக்கலுக்கு வருவோம். ±11 டிகிரியில் நேர்கோடு என்றால் ஸ்டிக்கின் நடு 0 டிகிரி. 450 அளவு மிதக்க ஏறக்குறைய 5 டிகிரி வேண்டும். அது முக்கால் ஸ்டிக்கில்தான் கிடைக்கிறது. அங்கிருந்து நடுவுக்கு இறக்கினால் தூக்கும் விசையே இல்லை. அதற்கும் கீழே போனால் பிளேடே தரையை நோக்கித் தள்ளுகிறது. கூடவே த்ராட்டிலும் 80-இலிருந்து 60, 40 என்று இறங்கிவிடுகிறது. வால் ரோட்டார் மெயின் ரோட்டாருடன் பல் சக்கரத்தாலோ பெல்ட்டாலோ பிணைந்தது. மேலே சுற்று குறைந்தால் பின்னாலும் குறையும். ஒரு வேகத்துக்குச் சரியாக வைத்த கைரோ கெயின் இன்னொரு வேகத்துக்குப் பொருந்தாது. வால் ஆடுவது அதனால்தான். கைரோவைக் குறை சொல்லிப் பயனில்லை.

பழகும் காலத்துக்கு அடியில் −2, நடுவில் +5, உச்சியில் +10 டிகிரி வையுங்கள். ±11 சரியாக அமைந்த வண்டியில் அது 41-57-73-84-95 என்று வரும். இதையும் கேஜ் வைத்துச் சரிபார்க்காமல் நம்பாதீர்கள். த்ராட்டில் 0-65-70-75-80 போதும். கீழ்முனை 0 வரை ஸ்டிக்கை இறக்குவது தரையில் நிற்கும்போது மட்டும்.

துள்ளலுக்கு வருகிறேன். நார்மலில் முக்கால் ஸ்டிக்கில் த்ராட்டில் 80. ஐடில் அப்பில் அதே இடத்தில் 90. தூக்கும் விசை சுற்றுவேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது: சுற்று 10 சதவீதம் கூடினால் விசை 21 சதவீதம் கூடும். துள்ளாமல் என்ன செய்யும்? இதற்கு நேர்மாறான பொறி ஒன்றும் உண்டு. நார்மலில் நடு ஸ்டிக் +5 என்று மாற்றிவிட்டு, ஐடில் அப்பில் நேர்கோட்டை விட்டுவைத்தால், மிதக்கும்போது சுவிட்சைப் போட்ட நொடியில் பிட்ச் 0-க்குப் போய் வண்டி கீழே விழும். அதனால் தலைகீழாகப் பறக்கக் கற்கும்வரை இரண்டு மோடிலும் ஒரே பிட்ச் கர்வை வையுங்கள். த்ராட்டில் ஹோல்டிலும் அதே பிட்ச்தான், த்ராட்டில் மட்டும் 0.

ஐடில் அப் த்ராட்டில் ஏன் ‘வி’ வடிவில் இருக்கிறது? 0 டிகிரியில் காற்றின் சுமை மிகக் குறைவு. பிட்ச் அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் சுமை ஏறும், தலைகீழாகப் பறக்கும்போது கீழ்முனையிலும் முழு சக்தி வேண்டும். மேட்டில் ஏறும் ஆட்டோவுக்கு முறுக்கிக் கொடுப்பது போலத்தான். நிஜ ஹெலிகாப்டரிலும் இதே ஏற்பாடு உண்டு: ராபின்சன் ஆர்22-இல் கலெக்டிவ் நெம்புகோலைத் தூக்கினால் கோரிலேட்டர் என்ற இணைப்பு த்ராட்டிலைத் தானே திறக்கும், மிச்சத்தைக் கவர்னர் பார்த்துக்கொள்ளும். த்ராட்டில் கர்வ் என்பது சுமையைப் பற்றிய ஊகம். கவர்னர் சுற்றை அளந்து திருத்துகிறது.

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உங்கள் இ.எஸ்.சி.யில் கவர்னர் இருந்தால் ஐடில் அப்பில் ‘வி’ வேண்டாம். 75-75-75-75-75 என்று ஒரே கோடு போதும். 85-க்கு மேல் போகாதீர்கள். சுமை ஏறும்போது ஈடுகட்டக் கவர்னருக்குக் கையிருப்பு வேண்டும். சுற்று அதிகமாகத் தெரிந்தால் 50-க்கு இறக்கவும் கூடாது, பாதி த்ராட்டிலில் இ.எஸ்.சி. வீணாகச் சூடாகும். பல் குறைந்த பினியனுக்கு மாறுங்கள்.

கவர்னர் இல்லையென்றால் காதுதான் கருவி. பிட்ச் ஏறும்போது ரோட்டாரின் ஒலி தளர்ந்தால் அந்தப் புள்ளியில் த்ராட்டிலை 3 கூட்டுங்கள். கீச்சென்று ஏறினால் 3 குறையுங்கள்.

த்ராட்டில் 0-இல் தொடங்கும் நார்மல் மோடே பெட்ரோலும் நைட்ரோவும் விட்டுப்போன பழக்கம் என்பது என் கருத்து. அந்த எஞ்சின்கள் கிளட்ச் விட்ட நிலையில் ஐடிலில் ஓட வேண்டியிருந்தது. மின்மோட்டாருக்கு அது தேவையில்லை. இ.எஸ்.சி.யில் சாஃப்ட் ஸ்டார்ட் இருந்தால், ஸ்டிக்கை அடியில் வைத்து ஹோல்டை விடுவித்து நேராக ஐடில் அப்பில் சுழலவிடலாம். முதல் முறை செய்யும்போது பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள், விரல் ஹோல்டு சுவிட்சிலேயே இருக்கட்டும்.