முறம் புடைக்கும் சத்தத்தில் ஒரு வரைபடம்

கேள்வி: மஞ்சூரில் சிறு தேயிலை விவசாயி நான். அப்பாவின் வால்வு ரேடியோவில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவன். போன வருடம் எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) வசதியுள்ள சின்ன ரேடியோ ஒன்று வாங்கினேன். இரவில் 7793 கிலோஹெர்ட்ஸ் பக்கம், முறத்தில் அரிசி புடைப்பதுபோல நொடிக்கு இரண்டு தடவை ஒரு சத்தம் வருகிறது. அது வானிலைப் படம் என்கிறார் நண்பர். உண்மையா? அதைப் படமாகப் பார்க்க முடியுமா? எங்கள் ஊர் மழையை அதில் தெரிந்துகொள்ளலாமா? அப்பாவின் ரேடியோ இதற்கு உதவுமா?

– ஒரு வாசகர், மஞ்சூர்

பதில்: நண்பர் சொன்னது சரி. நீங்கள் கேட்டது ஜப்பான்.

ஜப்பான் வானிலை முகமை, கடலில் போகும் கப்பல்களுக்காக ஜே.எம்.எச். என்ற அழைப்புக்குறியில் 3622.5, 7795, 13988.5 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் வானிலை வரைபடங்களை ஒலியாக அனுப்புகிறது. அது ஏறத்தாழ 6,900 கிலோமீட்டர் தாண்டி உங்கள் வீட்டு மேசைக்கு வருகிறது. முறம் என்று எழுதினீர்கள், அதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு புடைப்பும் படத்தின் ஒரு வரி. நிமிடத்துக்கு 120 வரி. 1500 ஹெர்ட்ஸ் சுருதி என்றால் கறுப்பு, 2300 என்றால் வெள்ளை. படம் தொடங்குமுன் 300 ஹெர்ட்ஸில் ஒரு சிணுங்கல், முடியும்போது 450-ல் ஒன்று. இந்தச் சிணுங்கலைக் கேட்டுத்தான் கருவி தானாகத் தொடங்கி நிறுத்திக்கொள்கிறது. நடுவில் புகுந்தால் படத்தின் இடது ஓரம் தாளின் மையத்தில் வந்து நிற்கும். பயப்பட வேண்டாம், மென்பொருளில் நகர்த்திக்கொள்ளலாம்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அட்டவணையில் 7795 என்று போட்டிருந்தாலும் ரேடியோவை அதில் வைக்கக் கூடாது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுச்சுருதி 1900 ஹெர்ட்ஸ் என்பதால், 1.9 கிலோஹெர்ட்ஸ் கீழே, 7793.1-ல், மேல் பக்கப்பட்டை, அதாவது யு.எஸ்.பி. நிலையில் வைக்க வேண்டும். (பென் டிரைவ் செருகும் யு.எஸ்.பி. அல்ல.) தற்செயலாகவே நீங்கள் சரியான இடத்துக்குப் போயிருக்கிறீர்கள். கணினியில் எஃப்எல்டிஜி என்ற இலவச மென்பொருள் போதும். கைபேசியில் இதற்கான செயலிகள் உண்டு, போனை ஒலிபெருக்கி அருகில் வைத்தாலே வேலை நடக்கும். ஆனால் அடுப்படியில் குக்கர் விசில் அடித்தால் அதுவும் படத்தில் கோடாக விழும்.

முதல் படம் நிச்சயம் சாய்ந்துதான் வரும். ரேடியோவைத் திட்டாதீர்கள், குற்றம் கணினிக் கடிகாரத்தில். ஒரு வரியில் ஏறத்தாழ 1,809 புள்ளிகள். கடிகாரம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் வரிக்கு 0.18 புள்ளி நகரும். பத்து நிமிடப் படத்தில் 1,200 வரிகள், ஆக கடைசி வரி 217 புள்ளி தள்ளிப் போயிருக்கும். தாளின் அகலத்தில் எட்டில் ஒரு பங்கு! மென்பொருளில் சாய்வுத் திருத்தம் என்று ஓர் எண் இருக்கும். இரண்டு மூன்று இரவு அதை மாற்றிப் பார்த்துப் பிடித்துவிட்டால் பிறகு தொட வேண்டாம்.

ஏரியலுக்கு 10, 15 மீட்டர் செம்புக் கம்பி, தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே கட்டினால் போதும். இடம் உங்களுக்குச் சாதகம். குந்தா மலைத்தொடர் சுவராக நிற்பது மேற்கில், ஜப்பான் இருப்பதோ வடகிழக்கில். தொல்லை வேறு பக்கமிருந்து வரும். குந்தா நீர்மின் திட்டத்தின் உயரழுத்தக் கம்பிகள் உங்கள் பகுதியில் நிறைய. பனி இறங்கிய ராத்திரிகளில் அவற்றின் இரைச்சல் சிற்றலையில் நன்றாகக் கேட்கும். கம்பியிலிருந்து எவ்வளவு விலக முடியுமோ விலகுங்கள். வீட்டு எல்.இ.டி. பல்பையும் சார்ஜரையும் அணைத்துவிட்டு ஒரு முறை கேளுங்கள், பாதி இரைச்சல் போகும். சித்திரை, ஐப்பசி இடிக் காலத்தில் ஏரியலைக் கழற்றிவிடுவது கட்டாயம்.

இனி மழை. கொழுந்து நாளைக்குப் பறிப்பதா, உரம் போடுவதா என்பதற்கு இந்தப் படம் பதில் சொல்லாது. 2019 ஆகஸ்டில் உங்கள் பக்கத்து அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. கொட்டியதே, கடல் வரைபடத்தில் அந்த இடம் ஓர் ஊசிமுனை. ஜப்பான் படங்களில் நமக்கு ஓரத்து இடம்தான், பலவற்றில் அதுவும் இல்லை. ஆனாலும் மார்கழி, தை மாதங்களில் பாருங்கள். 2019 ஜனவரியில் தென்சீனக் கடலில் பிறந்த பபுக் புயல், தாய்லாந்தைத் தாண்டி அந்தமான் கடலுக்கே வந்துவிட்டது. அப்படிப்பட்ட விருந்தாளி புறப்படுவது அந்தப் படத்தில் முதலில் தெரியும்.

ஆடி மழைக்கு ஆஸ்திரேலியாவைப் பிடியுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் விலுனா நிலையம் 7535, 10555, 15615 கிலோஹெர்ட்ஸில் அனுப்புகிறது, இங்கும் அதே 1.9 கழிக்கும் கணக்கு. அதன் இந்தியப் பெருங்கடல் அழுத்தப் படத்தில், மடகாஸ்கருக்குக் கிழக்கே வளையம் வளையமாக ஓர் உயரழுத்தம் தெரியும். மஸ்கரீன் உயரழுத்தம் என்பார்கள். அங்கிருந்து தள்ளப்படும் காற்றுதான் பூமத்தியரேகை தாண்டி, சோமாலியக் கரையோரம் வேகமெடுத்து, அரபிக்கடலின் ஈரத்தோடு வந்து குந்தா மலையில் மோதுகிறது. அந்த வளையங்கள் நெருங்குவதையும் தளர்வதையும் ஒரு பருவம் முழுக்க உங்கள் மழைமானியோடு ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். எனக்குத் தெரிந்து இந்தப் பொழுதுபோக்கில் இதைவிடச் சுவையான வேலை இல்லை. படத்தில் உள்ள நேரம் உலகப் பொது நேரம், 5.30 மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

பழைய பட்டியல்களில் தில்லி என்று 7405-ம் 14842-ம் இருக்கும். பல ஆண்டுகளாக எனக்கு அவை விழவில்லை, காத்திருக்க வேண்டாம். உள்ளூர்க் குரல் வேண்டுமானால் 518 கிலோஹெர்ட்ஸில் நாவ்டெக்ஸ் இருக்கிறது. படம் கிடையாது, ஆங்கில எழுத்தில் கடலோர எச்சரிக்கை மட்டும். குமரி மாவட்டத்து முட்டமும் பரங்கிப்பேட்டையும் அதன் நிலையங்கள். இரவில் முயலுங்கள்.

அப்பாவின் ரேடியோவை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எஸ்.எஸ்.பி. இல்லாததால் அதில் புடைப்புச் சத்தம் தனியாகக் கேட்காது. ஒரு பழைய தந்திரம் உண்டு. முள் நகரும் பழைய டிரான்சிஸ்டர் ஒன்றை அதன் பக்கத்தில் வையுங்கள். வால்வு ரேடியோ 7795-ல் இருக்கட்டும். டிரான்சிஸ்டரை அதற்கு ஏறத்தாழ 455 கிலோஹெர்ட்ஸ் கீழே, 7338 வாக்கில், மெல்லத் திருப்புங்கள். அதன் உள்ளே பிறக்கும் அலை கசிந்து வந்து வால்வு ரேடியோவில் கலக்கும்போது அந்தச் சத்தம் எழும். முள் மறுபக்கம் போய்விட்டால் கடல் கறுப்பாகவும் கோடுகள் வெள்ளையாகவும் வரும், கொஞ்சம் திரும்பத் திருப்பினால் சரியாகும். வால்வு சூடேறி நிலைக்க அரை மணி நேரம் கொடுங்கள்.