உண்ணிக் கடியும் உடலிற் காணும் குறியும்

நோய்களுட் சில, தாம் உட்புகுந்த இடத்தைத் தோலின்மேற் குறியிட்டுக் காட்டுவன. அக்குறியை அறிந்திருத்தல் மருத்துவர்க்கு மட்டுமன்றி நமக்கும் வேண்டப்படுவதாகும்.

அத்தகைய குறிகளுள் உலகிற் பெரிதும் பேசப்படுவது லைம் நோய்க்குரியது. உண்ணி கடித்த மூன்று நாள் முதல் முப்பது நாளுக்குள், கடித்த இடத்திற் செந்நிறத் தடிப்பொன்று தோன்றி, நாள்தோறும் அகன்று பரவும். நடுப்பகுதி வெளிறின், வளையம்போற் காணப்படும். பெரும்பாலும் நோவோ தினவோ இராது. இத்தடிப்பைச் சுவீடன் நாட்டு மருத்துவர் ஆர்விட் அவ்செலியஸ் 1909 ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். 1975 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் லைம் என்னும் ஊரிற் சிறுவர் பலர் மூட்டுவீக்கத்தால் வருந்தினர். 1981 இல் வில்லி பர்க்டோர்பர் உண்ணியின் உடலிற் சுருளுருவான கிருமியைக் கண்டபின்னரே, இவ்விரண்டும் ஒரே கிருமியின் வினையென்பது தெளிவாயிற்று.

லைம் நோய் பெரும்பாலும் வடபாலுள்ள குளிர்நாடுகளுக்கு உரியது. இலங்கையில் நாம் அறியவேண்டுவது பிறிதொரு குறியாகும். நம்மவர் உண்ணிக் காய்ச்சல் என்று வழங்குவது ஒரு நோயன்று. மலைநாட்டிற் பெரிதும் காண்பது புள்ளிக் காய்ச்சல். வடமாகாணம் முதலிய தாழ்நிலங்களிற் காண்பது பற்றைக் காய்ச்சல். பின்னையது, பற்றைகளில் வாழும் சிற்றுண்ணியின் இளங்குஞ்சு கடிப்பதால் வருவது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 இல், எம்பிலிப்பிட்டியப் பகுதியிலிருந்த கிழக்காபிரிக்கப் படைவீரரிடையே இது பரவிற்று.

அக்குஞ்சு கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. கடித்த இடத்திற் சிறு கொப்புளம் எழுந்து உடைந்து, சுருட்டு நெருப்புப் பட்டாற்போன்ற கரிய பொருக்காகும். நோவின்மையால் நோயாளி அதனை அறியார். அக்குள், அரை, கவட்டு ஆகிய மறைவிடங்களிற் பெரும்பாலும் இருத்தலாற் பிறர் கண்ணுக்கும் தப்பும். பத்து நாளளவிற் கடுங்காய்ச்சலும் தலையிடியும் வரும். சிலருக்குச் செந்நிறப் புள்ளிகளும் தோன்றும்.

இடர் இங்கேதான் உளது. காய்ச்சலென்றவுடன் டெங்கையும் எலிக்காய்ச்சலையுமே நாம் நினைக்கிறோம். பெனிசிலின் இனத்து மருந்துகள் பற்றைக் காய்ச்சலின் கிருமியை வெல்லா. டொக்சிசைக்கிளின் உரிய காலத்திற் கொடுக்கப்படின், காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளிற் தணியும். காலந்தாழ்ப்பின், நுரையீரலும் மூளையும் சிறுநீரகமும் தாக்குண்டு உயிருக்கே இறுதி நேரலாம்.

இம்மலரைப் படிக்கும் கல்லடி அன்பர் பலர் வாவியைக் கடந்து படுவான்கரை வயல்களுக்கும் மாட்டுப் பட்டிகளுக்கும் சென்று வருபவர். மாணவரோ விடுமுறையில் மலைநாடும் வன்னியும் காணச் செல்வர். மீண்டதும் உடையைத் துவைத்து, நீராடி, உடல் முழுவதையும் நோக்குதல் நன்று. உண்ணி பற்றியிருப்பின், நெருப்பாற் சுடாமலும் எண்ணெய் பூசாமலும், நுண்ணிய சாவணத்தால் தோலையொட்டிப் பிடித்து நேரே இழுத்தெடுத்தல் வேண்டும். பின்னர்க் காய்ச்சல் வரின், எங்கே சென்றோம் என்பதை மருத்துவர் வினவுமுன்னரே கூறுவோமாக. மறைவிடத்துப் பொருக்கை நாணத்தால் ஒளித்தலும் தகாது. சோதனை முடிவுகள் வருமுன்னரே நோயின் பெயரை மருத்துவருக்கு உணர்த்தவல்லது அச்சிறு பொருக்கேயாகும்.