வானமும் வரைபடமும்

நுழையும்முன்

ஏட்டில் மட்டுமே படித்தறிந்த வரலாற்றைக் கணினித் திரையிலும் கண்டறியும் காலம் இது. போர்விமானத்தைத் தாமே செலுத்துவது போன்ற உணர்வைத் தரும் பறப்புப் பாவனை விளையாட்டுகள் இளைஞர்களைப் பெரிதும் ஈர்க்கின்றன. அவை காட்டும் விமானமும் நிலமும் உண்மையானவைதாமா என ஆராயும் பார்வையை இப்பாடம் வழங்குகிறது.

பாகூரிலிருந்து சில கல் தொலைவு சென்றால் புதுச்சேரியின் எல்லை முடிந்து கடலூர் மாவட்டம் தொடங்கிவிடும். வயலும் ஒன்று, மொழியும் ஒன்று. ஆனால், 1942ஆம் ஆண்டில் அந்த எல்லையைக் கடந்தவர் ஓர் அரசின் ஆட்சியிலிருந்து மற்றோர் அரசின் ஆட்சிக்குள் சென்றார். பாகூரும் வில்லியனூரும் அன்று பிரெஞ்சிந்தியாவைச் சேர்ந்தவை. அண்டையிலிருந்த தென்னாற்காடு மாவட்டம் ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. புதுச்சேரியின் ஆட்சிப்பொறுப்பு இந்தியாவிடம் வந்தது 1954 நவம்பர் 1ஆம் நாளில்தான். இன்றைய வரைபடத்தின்மீது அன்றைய போரை வரைபவர், எல்லைக்கோட்டை மட்டுமன்றி ஒரு காலத்தையே பிழையாகக் காட்டிவிடுவார்.

பாவனைப்பொறியின் தோற்றம்

அமெரிக்கரான எட்வின் லிங்க், தம் தந்தையாரின் இசைக்கருவித் தொழிற்சாலையில் பணியாற்றியவர். ஆர்கன் என்னும் இசைக்கருவியில் பயன்படும் காற்றுத் துருத்திகளைக் கொண்டு, தரையிலிருந்தபடியே சாய்ந்தும் திரும்பியும் இயங்கும் பயிற்சிப்பொறி ஒன்றை 1929ஆம் ஆண்டளவில் அவர் உருவாக்கினார். இரண்டாம் உலகப்போரில் எண்ணற்ற விமானிகள் அதில் பயின்றனர். அன்று உயிர்காக்கும் பயிற்சிக்கு உதவிய அதே கருத்தே இன்று விளையாட்டாகவும் வளர்ந்துள்ளது.

கொழும்பின் வானில்

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் காலை வேளையில் கொழும்பைத் தாக்கின. முந்தைய நாளே, கனடிய விமானி லெனார்ட் பர்ச்சால், கேட்டலினா என்னும் கடல்விமானத்தில் சென்று அக்கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தார். அவ்விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது; உயிர்பிழைத்தோர் சிறைப்பட்டனர். செய்தி முன்னரே கிடைத்திருந்தும், தாக்குதல் நேரத்தில் எச்சரிக்கை ஏற்பாடு தவறியது. எதிரிகள் தலைக்குமேல் வந்த பின்னரே இரத்மலானையின் ஹரிக்கேன் விமானங்கள் மேலெழுந்தன. ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் முந்நூற்றுக்கும் மேற்பட்டோருடன் மூழ்கியது. அச்சம் கடல் கடந்து பரவ, சென்னையிலிருந்தும் மக்கள் பெருந்திரளாக வெளியேறினர்.

விமானத்தின் உண்மை

இந்நிகழ்வைத் திரையில் படைப்போர் முதலில் விமானங்களின் வகையை அறிதல் வேண்டும். ஜப்பானின் சீரோ விமானம் எடை குறைந்தது. குறுகிய வட்டத்தில் விரைந்து திரும்ப வல்லது. ஆனால், விமானிக்குக் கவசமோ, குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் கலமோ அதில் இல்லை. ஹரிக்கேன் அவ்வளவு விரைவாகத் திரும்பாது; எனினும் அடி தாங்கும் உறுதி கொண்டது. இவ்வேறுபாட்டைக் காட்டாமல் இரண்டையும் ஒரே தன்மையுடன் பறக்கவிட்டால், அன்றைய விமானிகள் எதிர்கொண்ட இக்கட்டு விளங்காது. சீரோவின் பிற்கால வகையையோ ஸ்பிட்ஃபயர் விமானத்தையோ கொழும்பின் வானில் அன்று பறக்கவிடுவதும் காலவழுவே.

நிலத்தின் உண்மை

விமானத்தைவிட வரைபடத்தில் பிழை எளிதில் நுழையும். செயற்கைக்கோள் படத்தை அப்படியே பயன்படுத்தினால், கொழும்புக் கடற்கரையில் கடலைத் தூர்த்து உருவாக்கிய துறைமுக நகரமும், வானளாவிய தாமரைக் கோபுரமும் 1942இல் தோன்றிவிடும். அதேவேளையில், அன்று இருந்த ஒன்று விடுபட்டும் போகும். கொழும்பின் குதிரைப் பந்தயத் திடலை ஆங்கிலேயர் மறைவான விமான ஓடுதளமாக மாற்றியிருந்தனர். அதனை ஜப்பானியர் அறிந்திருக்கவில்லை. எனவே, அங்கிருந்த விமானங்கள் தடையின்றி மேலெழுந்தன. அத்திடலை வெறும் விளையாட்டிடமாகக் காட்டும் வரைபடம், அன்றைய போரின் முதன்மையான செய்தி ஒன்றை மறைத்துவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்

வான்போரில், வீழ்த்தியதாக விமானிகள் கூறிய எண்ணிக்கை, எதிர்த்தரப்பு தன் இழப்பாகப் பதிந்த எண்ணிக்கையைவிடப் பெரும்பாலும் மிகுதியாக இருக்கும். ஒரே விமானத்தைப் பலர் சுட்டிருப்பர். புகையுடன் விலகியது வீழ்ந்ததாகத் தோன்றியிருக்கும். எனவே, இருதரப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டே முடிவுக்கு வருதல் வேண்டும்.

துல்லியம் ஏன் வேண்டும்?

'விளையாட்டுக்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு?' என வினவலாம். ஆட்டம் சுவைப்பதற்காகச் சிலவற்றைச் சுருக்குவதில் தவறில்லை. கடலின்மேல் பறந்த நீண்ட நேரத்தைக் குறைத்துக் காட்டலாம். ஆனால், இல்லாததை இருந்ததாகக் காட்டும்போது அதுவே பலர் மனத்தில் வரலாறாகப் பதிந்துவிடுகிறது. விளையாட்டில் வீழ்ந்தவர் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் எழலாம். கொழும்பிலும் மட்டக்களப்புக் கடலிலும் வீழ்ந்தோர் எழவில்லை. அவர்கள் எந்த விமானத்தில், எந்த வானில், எந்நிலையில் பறந்தனர் என்பதைப் பிழையின்றிக் கூறுவதே அவர்களுக்கு நாம் செலுத்தும் குறைந்த அளவு மரியாதை. திரையில் வெற்றிபெற்றபின், 'இது உண்மையில் இவ்வாறுதான் நிகழ்ந்ததா?' என்று கேட்கும் மாணவரிடமிருந்தே வரலாற்றுக் கல்வி தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் ஒப்பிட்டு, ஏரி, சாலை, எல்லை ஆகியவற்றில் காணும் மாற்றங்களைப் பட்டியலிடுக.

2. 'வரலாற்று விளையாட்டுகளில் முதன்மை பெறவேண்டியது சுவையா, உண்மையா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.